இடுப்பு வலிக்கு ஒரு வாரம்

"காலா, இடுப்பா? சீக்கிரம் சொல்லேன்!" என்றான் அவன், போனைக் கையால் பொத்திக்கொண்டு.

"இடுப்புன்னு சொல்லுங்க. கால்னா கட்டுப் போட்டுக் காட்டணும்" என்றாள் மனைவி.

"சார், என் வீட்டுக்காரி வழுக்கி விழுந்துட்டா சார். இடுப்பு! எழுந்திருக்கவே முடியல. ஒரு வாரம் லீவு வேணும்."

கிடைத்தது. மூன்று வருஷமாக ஒரு நாவலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமை நாவல் போட்டிக்குக் கடைசி நாள். கடைசி அத்தியாயம் மட்டும் வந்து தொலையவில்லை. ஆபீஸ் என்ற சனியன் இல்லாவிட்டால் தான் எப்போதோ பெரிய எழுத்தாளன் என்பது அவன் கட்சி.

ஆனால் அந்த மகராசன் ஒன்றை மறந்துவிட்டான். அவன் வேலை பார்ப்பது காப்பீட்டுக் கம்பெனியில். அடிபட்டவர் வீட்டுக்கே போய், அடி நிஜமா நடிப்பா என்று துருவுவதுதான் அங்கே எல்லாருக்கும் பிழைப்பு. இடுப்பு வலி என்று காதில் விழுந்தால் அவர்களுக்கு இருப்புக் கொள்ளாது.

சாயங்காலமே மேனேஜரும் மேனேஜரம்மாவும் வாசலில் நின்றார்கள். "படு, படு!" என்று மனைவியைக் கட்டிலில் தள்ளிப் போர்த்திவிட்டுக் கதவைத் திறந்தான்.

"எந்தக் கால் முதல்ல வழுக்குச்சு? தரையில ஈரமா, சோப்பா?" என்று மேனேஜர் நாற்காலியை இழுத்தார். அது கட்டிலில் லேசாக இடித்ததுதான் தாமதம்.

"அய்யோ அம்மா!"

அந்த அலறலை ஒரு கணம் அவனே நம்பிவிட்டான். மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என் சர்வீஸ்ல எத்தனையோ இடுப்பைப் பார்த்துட்டேன். இதான்யா நிஜ வலி! நீ ஒத்தை ஆளா என்ன பண்ணுவே? என் வீட்டுக்காரி இங்கேயே தங்கிப் பார்த்துக்கட்டும்."

"ஐயோ, வேண்டாம் சார்!"

"சும்மா இருய்யா."

மறுநாள் காலையில் மேனேஜரம்மா பெட்டியோடு வந்து இறங்கினார். "ஒத்தடம் கொடுக்கணும், வெளியே இருங்க தம்பி" என்று அறைக் கதவைச் சாத்தினார். லேப்டாப் உள்ளே, அவன் வெளியே. வெந்நீர் வை, காய் நறுக்கு, பாத்திரம் தேய் என்று உத்தரவு மட்டும் வந்துகொண்டிருந்தது.

வெந்நீர் கொடுக்கும் சாக்கில் உள்ளே நுழைந்து மனைவியின் காதில் கிசுகிசுத்தான். "போதும்டி, சரியாயிடுச்சுன்னு சொல்லித் தொலை. என் நாவல் கிடக்குது!"

"அய்யோ அம்மா!" என்று வீடு அதிரக் கத்தினாள் அவள்.

"நோயாளியைப் போட்டு ஏன் தம்பி படுத்துறீங்க?" என்று மேனேஜரம்மா அவனை விரட்டினார்.

படுபாவி, இப்படியா நடிப்பாள்! அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்த நாள் மேனேஜர் போன் பண்ணினார்.

"அதான் என் வீட்டுக்காரி இருக்காளே, உனக்கு எதுக்குய்யா லீவு? கிளம்பி வா."

லீவும் போச்சு. பகலெல்லாம் ஆபீஸில் ஊரார் இடுப்பு, வீட்டுக்கு வந்தால் பாத்திரம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மூச்சிரைக்க ஓடி வந்தான். போட்டிக் கெடு முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. லேப்டாப் கைக்கு வந்தால் எப்படியாவது முடித்து அனுப்பிவிடலாம். வாசலில் மேனேஜரம்மா பெட்டியோடு கிளம்பி நிற்பதைப் பார்த்ததும் போன உயிர் திரும்பி வந்தது.

"இடுப்பு சரியாயிடுச்சாக்கா?"

"இடுப்பு முதல் நாளே நல்லாத்தான் தம்பி இருந்துச்சு, தங்கச்சி சொந்தமா எழுதுற நாவல்தான் முடியாம இழுத்துச்சு, மத்தியானம் முடிச்சுப் போட்டிக்கு அனுப்பிட்டோம், இனிமே எழுந்து நடப்பா!"