மாப்பிள்ளைக்கும் இதே போதும்

மைக் கைக்கு வந்தால் என் மூளை கழன்றுகொள்ளும். இதைப் பிறர் சொன்னபோதெல்லாம் சண்டைக்குப் போயிருக்கிறேன். இப்போது நானே எழுதிக் கொடுக்கிறேன்.

அப்போது எனக்கு ஆட்டோவில் மைக் கட்டி விளம்பரம் சொல்லும் வேலை. கோயில் திருவிழா, துணிக்கடைத் தள்ளுபடி, காணாமல் போன நாய் எல்லாம் ராயபுரத்தில் என் குரலில்தான் வரும். (நாய் ஒன்றுகூடக் கிடைத்ததில்லை.)

கார்ன்ஃப்ளேக்ஸ் கம்பெனி ஒன்று கூப்பிட்டது. அரிசி, பருப்பு, தக்காளி எல்லாம் விலை ஏறிக்கொண்டிருந்த நேரம். அவர்கள் எழுதிக் கொடுத்தது இது: “அரிசி விலை ஏறிச்சா? ராத்திரி சோத்துக்கு லீவு விடுங்க! ஒரு கிண்ணம் பாலில் எங்க கார்ன்ஃப்ளேக்ஸ்!” படித்ததும், அடடா என்ன மூளை என்று வியந்தேன். அதுவும் மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில் கட்டிக் கிடந்தன. படகுக்காரர் வீட்டில் பிறந்த எனக்கே அது உறைக்கவில்லை.

காரணம் ஜெசிந்தா. எங்கள் கல்யாணத்துக்குக் கோயிலில் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. (மூன்று ஞாயிறு பூசையில் ஃபாதர் எங்கள் பெயரை வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்பார்.) மூன்றாவது ஓலைக்கு நாலு நாள் இருக்க, வருங்கால மாமியார் பிலோமினா அத்தையிடம் குரல்வளத்தைக் காட்ட, அவர் தெருவுக்கே ஆட்டோவை விடச் சொன்னேன். வாசலில் அவரைக் கண்டதும் உற்சாகம் தாங்காமல் சொந்தச் சரக்கையும் சேர்த்தேன்.

“தாய்மார்களே! மாப்பிள்ளை விருந்துக்கு வந்தாலும் இதே போதும்!”

அத்தை தண்ணீர்க் குடத்தோடு ஆட்டோவை மறித்தார்.

“இன்னாடா சொல்லிகினு வர்ற? போட்டெல்லாம் கரையில கட்டிக் கெடக்குது, வெல ஆகாசத்துல கீது. நாங்க ராத்திரி சோறு துன்றது உன் கம்பெனிக்குக் கண்ணை உறுத்துதா?”

“அத்தே, அது கம்பெனி எழுதினது...”

“மாப்ளைக்கு இதே போதும்னது?”

(அது நான்தான்.)

அதற்குள் தெருப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஓர் அக்கா ஆட்டோவில் ஒட்டியிருந்த, கிண்ணத்தோடு சிரிக்கும் குடும்பத்தின் படத்தைக் காட்டினார். “சோறு இல்லாத வூட்ல இப்டியா பல்லக் காட்டிகினு உக்காந்திருப்பாங்க?” இன்னொருவர் நான் விநியோகிக்க வைத்திருந்த இலவசப் பாக்கெட்டைப் பிரித்து மென்று பார்த்தார். “அட்டைப்பொட்டி மாரி கீது. பால் இன்னா வெலன்னு உன் மொதலாளிக்குத் தெரியுமா நைனா?”

யாரோ எடுத்த வீடியோ சாயங்காலத்துக்குள் பெரம்பூரைத் தாண்டிவிட்டது. ஊரே திட்டியதில், மூன்றாம் நாள் கம்பெனி விளம்பரத்தைத் திரும்பப் பெற்றது. என் வேலையையும்தான்.

அத்தை மட்டும் எதையும் திரும்பப் பெறவில்லை. “ஞாயித்துக்கெழம ஓலை வாசிக்கறப்ப நானே எந்திரிச்சித் தடை சொல்றேன், பாரு!”

ஞாயிறும் வந்தது. ஃபாதர் எங்கள் பெயரை வாசித்துவிட்டு நிமிர்ந்தார். அத்தை எழுந்தார். கோயில் முழுக்க அவரையே பார்த்தது. தெரிந்த புனிதர்களையெல்லாம் நான் கூப்பிட்டேன். அவர் நிதானமாக நடந்து போய், ஃபேன் வேகத்தைக் கூட்டி வைத்துவிட்டுத் திரும்பினார். என்னைக் கடக்கும்போது குனிந்து, “ரொம்ப வேர்க்குதுல்ல மாப்ளே?” என்றார்.

உயிர் வந்தது. ஆனால் கணக்கு முடியவில்லை என்பது கல்யாணப் பந்தியில்தான் தெரிந்தது. எல்லோருக்கும் பிரியாணி. என் இலையில் மட்டும் ஒரு கிண்ணம். பாட்டுக்காரரின் மைக்கைப் பிடுங்கி அத்தை அறிவித்தார்: “மாப்ளைக்கு இதே போதும்!” மண்டபம் சிரித்த சிரிப்பு துறைமுகம்வரை கேட்டிருக்கும்.

இன்றும் மாமியார் வீட்டில் எனக்கு முதலில் அந்தக் கிண்ணம்தான். அது காலியான பிறகே வஞ்சிர வறுவல் வெளியே வரும். போன வாரம் அத்தை மறந்துபோய் நேராக மீனையே வைத்துவிட்டார்.

“கிண்ணம் எங்க அத்தே?” என்று நானே கேட்டுத் தொலைத்தேன்.