சீலா மீனும் ஸ்பானிஷ் 'ரொம்ப'வும்

நேத்து எனக்கு ஒரே வேலைதான். ஸ்பானிஷ் ஹோம்வொர்க் முடிக்கணும்.

தூத்துக்குடியில கப்பல் ஏஜென்சி குமாஸ்தாவுக்கு ஸ்பானிஷ் எதுக்குன்னு கேட்காதீங்க. எப்பவாவது ஸ்பானிஷ்காரங்க கப்பல் வரும், பேச ஆள் இருக்காது. "நான் பேசுதேன் சார்"னு ஆபீஸ்ல வாயைக் கொடுத்து மாட்டிக்கிட்டேன்.

இந்த வாரப் பாடம் 'ரொம்ப'. ருசின்னா 'ரிக்கோ'. ரொம்ப ருசின்னா 'முய் ரிக்கோ'. அதுக்கும் மேலன்னா வாலை நீட்டி 'ரிக்கீசிமோ'. முய்யையும் வாலையும் சேர்த்துப் போடாதீங்கன்னு ஆன்லைன் டீச்சரம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க.

சாப்பாட்டைப் புகழ்ந்து ஒரு வீடியோ அனுப்பணும். அதான் ஹோம்வொர்க்.

மத்தியானம் என் மனைவி ஸ்டெல்லா சீலா மீன் குழம்பு வச்சிருந்தா. என் தட்டுல நடுத்துண்டு! போனைச் செம்புல சாய்ச்சு வச்சேன். ஒரு வாய் சாப்பிட்டுக் கண்ணை மூடினேன்.

"முய் ரிக்கோ! ரிக்கீசிமோ!" கையை விரிச்சேன். உற்சாகம் தலைக்கேறிருச்சு. "முய் ரிக்கீசிமோ!"

ஸ்டெல்லா கரண்டியோட ஓடி வந்தா. "யாரை ஏசுதிய?"

"ஏளா, உன் குழம்பைப் புகழுதேன். ரொம்ப ரொம்ப ருசியாம்!"

"யாருகிட்ட?"

"டீச்சர்கிட்ட."

கரண்டி அப்படியே நின்னுச்சு. எனக்கு அப்பவே உறைச்சிருக்கணும்.

"நான் 'குழம்பு எப்படி இருக்கு'ன்னு கேட்டா என்ன சொல்லுவிய?"

"பரவால்லம்பேன்."

எங்க வீட்டு ஆம்பளைங்களுக்கு அதுக்கு மேல வார்த்தை கிடையாது. ரொம்பப் பிடிச்சா இன்னொரு தடவை சோறு வாங்குவோம், அவங்களே புரிஞ்சுக்கணும்!

"அந்தம்மாவுக்குக் கையை விரிச்சு, கண்ணை மூடி. எனக்குப் பரவால்லயா? தமிழ்ல சொல்லுங்க, அப்பதான் மீனு." நடுத்துண்டு அவ தட்டுக்குப் போயிருச்சு.

சொல்லத்தான் நினைச்சேன். ஊர்லயே இந்தக் கைப்பக்குவம் கிடையாது, அது எனக்கும் தெரியும். ஸ்பானிஷ்ல கொட்டின வாய் தமிழ்ல திறக்க மாட்டேங்குது. வெட்கம்! வேர்த்து ஊத்துது.

"குழம்பு... வந்து... நல்லாத்தான் இருக்கு."

"அந்த 'த்தான்' எதுக்கு?"

மீன் போச்சு. வீடியோவாவது போகட்டும்னு அனுப்பிட்டேன்.

சாயங்காலம் டீச்சர்கிட்ட இருந்து பதில். 'பஸ்தாந்தே பியேன்.'

"என்ன சொல்லுதாவ?"ன்னு ஸ்டெல்லா எட்டிப் பார்த்தா.

அர்த்தம் தேடிப் பார்த்தேன்.

"பரவால்லயாம்."

அவ்வளவு கையை விரிச்சும் பரவால்லயா! நிசமாவே மனசு விட்டுப்போச்சு. ஸ்டெல்லா சிரிக்கக்கூட இல்ல. "இப்ப உங்களுக்கு எப்படி இருக்கு?"ன்னு மட்டும் கேட்டா.

புரிஞ்சுது. ராத்திரி சோத்துல மிச்சக் குழம்பை ஊத்தி, அவ மூஞ்சியைப் பார்த்தே சொன்னேன். "ஏளா, குழம்பு ரொம்ப ரொம்ப நல்லா இருக்கு."

"அப்படியா? மீனு தீந்துபோச்சு."