பச்சையிலிருந்து சிவப்புக்கு

இந்த மாதத்துக்குள் பச்சையை விட்டுச் சிவப்புக்கு மாறிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

பதறாதீர்கள், கட்சி விஷயமில்லை. நான் கார் மெக்கானிக். வீட்டை ஒட்டியே ஷெட். டயர் நட்டு கழற்ற நான் வைத்திருக்கும் பேட்டரி மெஷின் பச்சை நிறக் கம்பெனி. ஆசைப்பட்டது சிவப்பு நிறக் கம்பெனி.

ஆசைக்குக் காரணம் உண்டு. பச்சை நல்ல பலசாலி, ஆனால் கனம். நாற்பது நட்டு கழற்றினால் சாயங்காலம் வலது மணிக்கட்டு என்னுடையதா, அடுத்த வீட்டுக்காரருடையதா என்றே தெரியாது. சிவப்பைக் கடையில் தூக்கிப் பார்த்தேன். பிறந்த குழந்தையைக் கையில் வாங்கின மாதிரி இருந்தது. திருப்பிக் கொடுக்கவே மனம் வரவில்லை.

மனைவியிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். ஆனால் கல்யாணமான புதிதில், "நட்டெல்லாம் நான் விரலாலேயே திருகி எடுத்துடுவேன்" என்று அளந்துவிட்டிருந்தேன். மூன்றே வருடத்தில் மணிக்கட்டு போச்சு என்று எந்த முகத்தோடு சொல்வது? சுற்றி வளைத்தேன்.

"இந்தப் பச்சை முன்ன மாதிரி இல்லம்மா. சிவப்புக்கு மாறிடலாம்னு பாக்கிறேன்."

"சரி, அலமாரில இருக்கிற ஆறு பேட்டரி?"

"அது சிவப்புல பொருந்தாது."

"ரெண்டு சார்ஜர்?"

"அதுவும்தான்."

"டிரில் மெஷின்? அறுக்கிற மெஷின்?"

"எல்லாமே பச்சைதானேம்மா..."

"அப்ப ஒரு மருமகளைப் பிடிக்கலைன்னு சம்பந்தி வீட்டையே மாத்தணுங்கிறீங்க. நல்லா ஓடுறதை எதுக்குங்க மாத்தணும்? ஓடாதப்ப பாத்துக்கலாம்."

ஓடாதப்ப! வழியை அவளே காட்டிவிட்டாள்.

அந்த மெஷினில் விசைக்கு மேலே ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். இந்தப் பக்கம் தள்ளினால் நட்டு கழலும். அந்தப் பக்கம் தள்ளினால் இறுகும். மறுநாள் மதியம் ரொட்டிக் கடைக்காரரின் வேன் டயர் மாற்ற வந்து நின்றது. பொத்தானை இறுகும் பக்கம் தள்ளி வைத்துக்கொண்டு மனைவியைக் கூப்பிட்டேன்.

"வந்து பாரு, உன் பச்சையோட லட்சணத்தை."

டர்ர்ர்ர். நட்டு கழலவில்லை. எப்படிக் கழலும்?

அவள் குனிந்து பார்த்தாள். "அடப் பாவமே" என்றாள். உள்ளே போய் முழுச் சார்ஜோடு வேறு பேட்டரி கொண்டுவந்தாள். "இதைப் போட்டு அழுத்துங்க."

டர்ர்ர்ர்.

"இன்னொரு தடவை."

"விடும்மா, அது செத்துப்போச்சு."

"எடுக்கிறதுக்கு முன்னாடி நாலு பேர் வந்து பாத்துரட்டுமே" என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுக் கண்டக்டரைக் கூப்பிட்டாள். அவர் ஓய்வு பெற்றவர். வேடிக்கை பார்க்கவென்றே ஓய்வு பெற்றவர்.

"நல்லா ஊணி அழுத்துங்க தம்பி! ரைட், ரைட்!"

அழுத்தினேன். நட்டு இன்னும் இறுகியது. மணிக்கட்டு அடுப்பில் வைத்த மாதிரி எரிந்தது. அந்த நேரம் பார்த்து ரொட்டிக்காரரும் வந்து நின்றார்.

"என்ன தம்பி, நாலு மணிக்கு வண்டி கிளம்பணும். இன்னும் ஒரு நட்டு கூடக் கழட்டலையா?"

எல்லார் கண்ணும் என் கையில். பொத்தானைத் தள்ளினால் குட்டு வெளிப்படும். நீளமான ஸ்பேனரை மாட்டி அதன் மேல் ஏறி நின்றேன். குதித்தேன். ஊஞ்சல் கிடைத்ததே தவிர நட்டு கிடைக்கவில்லை.

"வேற மெக்கானிக்கைக் கூப்பிடட்டுமா?" என்றார் ரொட்டிக்காரர். இந்தத் தெருவில் இத்தனை நாள் சேர்த்த பெயர் ஒரு நட்டில் தொங்கியது.

"இப்படிக் கொடுங்க" என்றாள் மனைவி. இரண்டு கையாலும் மெஷினை வாங்கினாள். அவள் கட்டைவிரல் பொத்தானை மெல்ல ஒரு தள்ளுத் தள்ளியதை நான் மட்டும்தான் பார்த்தேன்.

டர்ர்ர்ர், டக். நட்டு அவள் உள்ளங்கையில்.

"அட, தங்கச்சிக்கு என்ன கைராசி!" என்றார் ரொட்டிக்காரர். கண்டக்டர் கையே தட்டிவிட்டார்.

"அவர்தான் எல்லாம் தளர்த்தி வச்சிருந்தாருங்க. கடைசி அழுத்து மட்டும்தான் என்னது" என்றாள், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

வேன் கிளம்பிப் போனதும் மெதுவாகக் கேட்டேன். "எப்பத் தெரிஞ்சது?"

"முதல் தடவையே. நட்டு வலப்பக்கம், இறுகுற பக்கம், லேசா நகர்ந்துச்சு."

"அப்புறம் ஏம்மா அத்தனை தடவை அழுத்த வச்ச?"

"வலிக்குதுன்னு நீங்களா வாயைத் திறப்பீங்களான்னு பாத்தேன். பத்து நாளா இடது கையால தண்ணி குடிக்கிறீங்க. சட்டை பட்டனைப் போட முடியாம தலை வழியா மாட்டுறீங்க. இதெல்லாம் நான் பாக்கவே மாட்டேனா? பச்சை மேல பழி போடுறதுக்குப் பதிலா 'கை வலிக்குது'ன்னு ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே."

நல்லவேளை, ஷெட்டில் தூசி அதிகம். கண்ணைக் கசக்கினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

அடுத்த நாள் என்னை முதலில் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். பிறகு நேராகக் கடைக்கு. "நட்டுக்கு மட்டும் சிவப்பு. மத்ததெல்லாம் பச்சையிலேயே ஓடட்டும்" என்று சொல்லி அவளே வாங்கினாள். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தாள். நான் ஆசையாகக் கை நீட்டினேன். பெட்டி அந்தப் பக்கம் நகர்ந்தது.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"மூணு வாரம் கைக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னாரு."

"அதான்."

இப்போது ஷெட்டில் சிவப்பு அவள் கையில் பாடுகிறது. பக்கத்தில் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு, விழுகிற நட்டுகளை எண்ணி வாங்குகிறேன் நான். ஒன்று குறைந்தால் திட்டு விழுகிறது. நேற்று ரொட்டிக்காரர் பின் டயரைக் காட்ட வந்தார். வாசலில் கிண்ணத்தோடு நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"தம்பி, மெக்கானிக் உள்ள இருக்காங்களா?"