முதுகு மேடமும் என் மஞ்சள் கோடுகளும்

திண்டுக்கல் வட்டாரத்தில் இன்றைக்கு நிமிர்ந்து நடக்கிற முதுகுகளில் பாதியை நிமிர்த்தியவர் எங்கள் நூல் மில்லின் நர்ஸ். முதுகு மேடம் என்றால்தான் தெரியும். ஆட்களை முகம் பார்த்து அடையாளம் காண்கிற வழக்கம் அவரிடம் இல்லை. பின்னால் போய் நின்று பார்ப்பார். "நீ கன்னிவாடி பஸ்ல வார புள்ளதான" என்பார். சரியாக இருக்கும்.

ஒரு கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு வந்தவரிடம், "இடுப்ப மடக்காத அப்பு, முழங்கால மடக்கு" என்றார். அவரோ மேடத்துக்குச் சாம்பார் பத்தவில்லை போலிருக்கிறது என்று இன்னும் இரண்டு கரண்டி ஊற்றிவிட்டுப் போனார். ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச்சாமியாரிடம் போய், "பிரசங்கம் நல்லாருந்துச்சு சாமி. அந்த மேசைதான் உங்களுக்கு உயரம் பத்தல" என்று சொன்னவர் அவர்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் அங்கே இன்ஜினியர். முதலாளி என்னைக் கோயம்புத்தூருக்கு ஒரு பயிற்சிக்கு அனுப்பினார். வீண் நடை, வீண் அசைவு, வீண் சரக்கு எல்லாவற்றையும் ஒழிக்கிற வித்தை. லீன் என்று பெயர். சாதாரண ஆளாகப் போனவன், ஸ்டாப்வாட்சும் மஞ்சள் பெயின்ட்டுமாகத் திரும்பி வந்தேன். தள்ளுவண்டிகள் போகிற வழிக்கெல்லாம் தரையில் கோடு போட்டேன். கோட்டைத் தாண்டக் கூடாது என்று உத்தரவும் போட்டேன். தேவையில்லாத பொருள்களில் சிவப்பு அட்டை கட்டினேன். முதலுதவி அறை ஸ்டூலில் நான் கட்டிய அட்டையை மேடம் அவிழ்த்து, எனக்குத் தெரியாமல் என் பெல்ட்டில் பின்பக்கம் மாட்டிவிட்டார். சாயங்காலம் வரை அதோடுதான் சுற்றியிருக்கிறேன். ஒருத்தரும் சொல்லவில்லை.

பேக்கிங்கில் பெண்கள் நூல் கோன்களை எடுக்க ஒவ்வொரு தடவையும் நடந்து போனார்கள். நான் கோன் கூடைகளை அவர்கள் காலடியிலேயே வைக்கச் சொன்னேன். நடை ஒழிந்தது. உற்பத்தி ஏறியது. முதலுதவி அறையில் தைலம் தீர்ந்துபோனது.

மேடம் நேரே பேக்கிங்குக்கு வந்தார். "தம்பி, நடையக் கொறச்சுட்ட. குனியறத எந்தக் கணக்குல எழுதுன?"

"அது ஒரு செகண்ட்தான் மேடம்."

"அப்பச் செத்த நேரம் செஞ்சு காட்டு."

பக்கத்தில் முதலாளி வேறு நின்றிருந்தார். சாப்பாட்டு மணி வரைக்கும் செய்கிறேன் என்று வீரமாகச் சொல்லிவிட்டேன். டீ மணி அடிப்பதற்கு முன்பே, குனிந்தவனால் நிமிர முடியவில்லை. நான் எதையோ தேடுகிறேன் என்று பேக்கிங் முத்துலட்சுமி மரியாதையாக ஒதுங்கி நின்றார். பிறகுதான் விஷயம் புரிந்து, என்னைக் கோன் தள்ளுவண்டியில் படுக்கவைத்தார்கள். எதிரே தெரிகிற முதலுதவி அறைக்கு நேரே போகாமல் வண்டி மில்லையே சுற்றிக்கொண்டு போனது.

"குறுக்க போம்மா" என்று முனகினேன்.

"கோட்டத் தாண்டக் கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க" என்றார் முத்துலட்சுமி. கேலியே இல்லை குரலில். அதுதான் இன்னும் வலித்தது.

மேடம் திட்டுவார் என்று கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். அவர் தைலம் தேய்த்துக்கொண்டே, "கூடை பக்கத்துல இருக்கது நல்லதுதான் தம்பி. அம்புட்டுத் தூரம் அந்தப் புள்ளைகள ஏன் நடக்கவிடணும். கூடையத் தூக்கி ஒரு ஸ்டாண்டு மேல வச்சிருவமா?" என்றார். என் யோசனையில் பாதி நல்லது என்று ஒருவர் சொல்லக் கேட்பது அதுவே முதல் தடவை.

நிமிர்ந்ததும் இரண்டு பேரும் சேர்ந்தே செய்தோம். கூடை பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது என் கட்சி, முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. மில் தச்சர் ஸ்டாண்டு செய்தார். குள்ளமானவர்கள் ஏறி நிற்கப் பலகை போட்டோம். பெண்கள் ஷிப்ட் முடிந்து இடுப்பைப் பிடிக்காமல் பஸ் ஏறினார்கள். உற்பத்தி இறங்கவும் இல்லை. முதலாளி எனக்குச் சால்வை போட்டார். இதில் பாதி மேடத்துக்குச் சேர வேண்டியது என்று நான் மைக்கில் சொன்னபோது, அவர் மேடையில் முதலாளியின் நாற்காலியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

சில வருஷத்தில் அவர் ஓய்வுபெற்றார். புதிதாக வந்த நர்ஸ் நல்லவர், பேச்சுவார்த்தை குறைவு. ஒரு வாரம் முழுக்க என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மில்லில் இருப்புக்கொள்ளவில்லை. சனிக்கிழமை மேடம் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"என்ன தம்பி, எங்க வலிக்கிது?" என்றார்.

"எங்கயும் இல்ல மேடம். சும்மாதான் வந்தேன்" என்றேன்.