சம்பந்தியின் பதினோரு பார்வைகள்

அன்புத் தங்கைக்கு உன் அக்கா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. உன் முழங்கால் வலி, உன் வீட்டுக்காரரின் இருமல், மாடி வீட்டுக்காரியோடு உனக்குள்ள தகராறு, இந்த மூன்றும் இப்போது குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நான், என் பெண், மாப்பிள்ளை, பேத்தி நான்கு பேரும் சௌக்கியம். ஐந்தாவது ஆளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய். கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது.

போன மாதம், "கம்ப்யூட்டரைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கிறதெல்லாம் ஒரு ஆராய்ச்சியா?" என்று என் பேத்தியைப் பற்றிக் கேட்டாய் அல்லவா, அதற்கு இப்போது பதில் சொல்கிறேன். கம்ப்யூட்டரை அவள் பார்ப்பதில்லை. கம்ப்யூட்டர்தான் நம்மைப் பார்க்கிறது. திரைக்குக் கீழே ஒரு சாண் நீளத்தில் கறுப்பாக ஒரு பட்டை இருக்கும். நமக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்தை அது நம் கண்மேல் விட்டு, திரையில் எந்த இடத்தைப் பார்க்கிறோம் என்று கண்டுபிடித்துவிடும். பக்கத்திலேயே ஒரு கேமரா, அது கையைப் பார்க்கும், எந்த விரல் அசைந்தது, எவ்வளவு அசைந்தது என்று. வாயும் கையும் வராதவர்கள் கண்ணாலும் ஒரு விரலாலும் பேசுவதற்கு வழி செய்வதுதான் அவள் வேலை. அந்த வேலையில் நானும் இருக்கிறேன். சிரிக்காதே. என் கழுத்தில் படம் போட்ட அட்டை தொங்குகிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தால் வாசல் காவல்காரர் எழுந்து நிற்கிறார். சக்கர நாற்காலி போவதற்குக் கதவைத் திறக்கத்தான் அவர் எழுந்திருக்கிறார் என்று என் பெண் சொல்கிறாள். எதற்காக இருந்தால் என்ன, எழுந்திருக்கிறாரா இல்லையா?

நாற்காலியில் இருப்பது என் சம்பந்தி, மாப்பிள்ளையைப் பெற்றவள். பக்கவாதம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. பேச்சு சுத்தமாகப் போய்விட்டது. கை கால் அசையாது, வலது கையில் ஆள்காட்டி விரல் மட்டும் கொஞ்சம் எழும்பும். காதும் புத்தியும் முன்னைவிடக் கூர்மை. இருபத்தேழு வருஷம் அந்த வாயிடம் நான் பட்டதெல்லாம் உனக்குத் தெரியும். ஆனால் அந்த வாய் மூடிக்கொண்ட பிறகு இந்த வீடு வீடாக இல்லை. நான் சமைத்ததைக் குறை சொல்ல ஆளில்லாமல் இரண்டு நாள் உப்பே போடாமல் சமைத்திருக்கிறேன், மூன்று பேரும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்கள்.

ஆராய்ச்சிக்கூடத்தில் வீட்டுக்குக் கொடுத்தனுப்பக்கூடிய மெஷின் ஒன்றே ஒன்று. காத்திருப்பவர்கள் எட்டுக் குடும்பம். வெள்ளிக்கிழமை மூன்று பேர் கொண்ட குழு வரும், அவர்கள் எதிரில் சம்பந்தி தானாக ஒரு முழு வாக்கியம் சொல்லிவிட்டால் மெஷின் அவளோடு வீட்டுக்கு வரும், இல்லாவிட்டால் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். "அப்புறம் நம்ம முறை எப்போடி வரும்?" என்று பேத்தியைக் கேட்டேன். அவள் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தாள். ஏற்கெனவே சுருட்டி வைத்திருந்த ஒயர். எனக்குப் புரிந்துபோயிற்று.

முதலில் சம்பந்தியின் ஒவ்வொரு பார்வைக்கும் என்ன அர்த்தம் என்று எழுதிக்கொடுக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. டாக்டரைக் கேட்கலாம், நர்ஸைக் கேட்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். "நான் எதுக்கு இருக்கேன்?" என்று கேட்டேன். தான் பெற்ற பிள்ளையைக்கூடச் சம்பந்தி அவ்வளவு பார்த்ததில்லை, என்னைத்தான் பார்த்திருக்கிறாள். ஒரே உட்காரலில் பதினோரு பார்வை சொன்னேன். மூன்றாவது, டீ ஆறிவிட்டது. ஐந்தாவது, இதையும் ஒரு வேலை என்று செய்தாயாக்கும். எட்டாவது, வந்தவர்கள் இன்னும் கிளம்பவில்லையா. பேராசிரியர் ஒருவர் இருக்கிறார், சட்டைப் பையில் நான்கு பேனா வைத்துக்கொண்டு எதையும் எழுதாத மனிதர், அவரே ஒரு பேனாவைத் திறந்துவிட்டார். "பதினொண்ணாவது என்னம்மா?" என்றார். "அது குடும்ப விஷயம்" என்று சொல்லிவிட்டேன். உனக்கு மட்டும் தெரிந்த விஷயம். கல்யாண மண்டப வாசலில், உன்னிடம் இரவல் வாங்கிய சங்கிலியைப் போட்டுக்கொண்டு நான் கைகூப்பி நின்றபோது, என் கழுத்துப் பக்கமே ஒரு நிமிஷம் பார்த்தாளே, அது.

அப்புறம்தான் கஷ்டம் ஆரம்பித்தது. மெஷினுக்கு ஒருவர் கண்ணைப் பழக்கவேண்டுமானால் திரையில் ஒரு புள்ளி ஒன்பது இடத்துக்குப் போகும், அதன் பின்னாலேயே கண்ணும் போகவேண்டும். எனக்கு ஒரு நிமிஷத்தில் முடிந்தது, "பேசாம இருங்க பாட்டி, தலை ஆடுது" என்று பேத்தி நாலு தடவை சொன்னதைத் தவிர ஒரு குறையும் இல்லை. சம்பந்தி அந்தப் புள்ளியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கெஞ்சினார்கள், புள்ளியைப் பெரிதாக்கினார்கள், சிவப்பாக்கினார்கள், அது குதித்தது, மணியடித்தது. அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிய புருஷன் பின்னாலேயே போகாதவள் ஒரு புள்ளி பின்னால் போவாளா? மூன்று நாள் வீண். நான்காம் நாள் நான் சொன்னேன், "புள்ளியை எடுத்துட்டு என் போட்டோவைப் போடுடி." பேத்தி சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னை நிற்கவைத்துப் படம் எடுத்தாள். மேல் மூலையில் என் முகம் வந்தது. சம்பந்தியின் கண் சடக்கென்று அங்கே போயிற்று. கீழே போனேன், கீழே வந்தாள். நடுவுக்கு வந்தேன், நடுவில் பிடித்தாள். ஒன்பது இடத்திலும் விடாமல் துரத்தித் துரத்தி ஐந்தாவது பார்வை பார்த்தாள். மெஷின் பச்சை விளக்குப் போட்டது. இப்படி ஒரு சுத்தமான பதிவு இந்த அறையில் வந்ததே இல்லை என்று பேராசிரியர் சொன்னார். இருபத்தேழு வருஷப் பயிற்சி, வேறென்ன?

அதோடு தீர்ந்ததா என்றால் இல்லை. எந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்க்கிறாளோ அதுதான் அவளுக்கு வேண்டும் என்று மெஷின் எடுத்துக்கொள்ளும். தண்ணீர், மின்விசிறி, கழிப்பறை என்று வரிசையாகப் படங்கள். சம்பந்தி கழிப்பறைப் படத்தையே பார்த்தாள். நானும் பேத்தியும் நடைக்கோடியிலிருந்த கழிப்பறை வரை தள்ளிக்கொண்டு போனோம். ஒன்றுமில்லை. திரும்பி வந்தோம், மறுபடியும் அதே படம், மறுபடியும் நடைக்கோடி. நாலாவது தடவை எனக்குக் கோபம் வந்து அந்தப் படத்தை உற்றுப் பார்த்தேன். அதில் கதவு கோணலாக வரைந்திருந்தது. அவ்வளவுதான் விஷயம். கோணலாக எது இருந்தாலும் அவளால் கண்ணை எடுக்க முடியாது, என் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரை எத்தனை தடவை நேராக்கியிருக்கிறாள்! "பார்க்கிறது எல்லாம் வேணுங்கிறதாடி? நான் கடைத்தெருவில போனா எவ்வளவு பார்க்கிறேன், எல்லாத்தையுமா வாங்கறேன்?" என்று கேட்டேன். பேத்தி பேராசிரியரைப் பார்த்தாள். பேராசிரியர் இரண்டாவது பேனாவைத் திறந்தார். இதே பிரச்சினையை வைத்து உலகம் முழுக்கக் கட்டுரை கட்டுரையாக எழுதியிருக்கிறார்களாம்.

வழியையும் நானே சொன்னேன். சம்பந்தி வாய் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் ஆயிரம் சொல்வாள், எதிலும் பொருள் இருக்காது. ஆனால் மனதில் ஒன்றை முடிவு பண்ணிவிட்டால் அந்த ஆள்காட்டி விரல் தானாக எழும்பும். கல்யாணத் தேதி குறித்த அன்று பார்த்தேன், பேத்திக்குப் பேர் வைத்த அன்று பார்த்தேன். விரல் எழுந்தால் எழுந்ததுதான், அப்பீல் கிடையாது. "கண் சும்மா சுத்தட்டும். விரல் எழும்பினா மட்டும் எடுத்துக்கச் சொல்லு உன் மெஷினை." வியாழக்கிழமை சாயங்காலம் வரை பேத்தி அதற்காக உட்கார்ந்தாள். படங்களைத் தூக்கிவிட்டு எழுத்துகளை வைத்தாள். பயிற்சி பார்க்க நேரமில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று பேரும் வந்து உட்கார்ந்தார்கள், தலைவி ஒரு பெரிய அம்மாள், மூக்கு நுனியில் கண்ணாடி. "இப்ப உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்கம்மா" என்று அந்த அம்மாள் சம்பந்தியைக் கேட்டார். சம்பந்தியின் கண் அலைந்தது. விரல் எழவில்லை. ஐந்து நிமிஷம். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நமக்குச் சும்மா இருக்க வருமா, நான் எழுந்து, "இது எட்டாவது பார்வைங்க, நீங்க எப்ப கிளம்புவீங்கன்னு பார்க்கிறா, தப்பா நினைக்காதீங்க" என்று விளக்க ஆரம்பித்தேன். அப்போது விரல் எழுந்தது. திரையில் 'ச' விழுந்தது. "சாப்பாடு! பசிக்குது பாவம்!" என்றேன். 'ம்' விழுந்தது. "சமையல்! என் சமையலைக் கேட்கிறா!" 'ப', 'ந்', 'தி' என்று வந்ததும் நான் திரைக்குப் பக்கத்திலேயே போய்விட்டேன். "என்னைத்தாங்க கூப்பிடறா! ஐந்து மாசம் கழிச்சு என்னைத்தான் முதல்ல கூப்பிடறா!" என்று மூன்று பேரிடமும் தனித்தனியாகச் சொன்னேன். விரல் நிற்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாக இரண்டாவது சொல்லும் வந்து சேர்ந்தது.

'சம்பந்தி பேசாதீங்க.'

"இது முழு வாக்கியமா?" என்று ஒருவர் மெதுவாகக் கேட்டார். தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கட்டளை வாக்கியம். முழுசாத்தான் இருக்கு" என்றார். "சொந்தமா வந்ததா, யாராவது சொல்லிக்கொடுத்ததா?" என்று மற்றவர் கேட்க, பேத்தி அழுதுகொண்டே சிரித்தாள், "இதை யாருங்க சொல்லிக்கொடுப்பாங்க?" எல்லோரும் கைதட்டினார்கள். என்னை அடக்கியதற்குத்தான் தட்டுகிறார்கள் என்று தெரிந்தும் நான்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினேன். சம்பந்தியின் கண்ணில் நீர் வந்தது. இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்பதுபோல ஒரு பார்வையும் பார்த்தாள். உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

மெஷின் இப்போது அவள் கட்டில் பக்கத்தில் இருக்கிறது. வந்த மறுநாளே, வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, கல்யாணத்தன்று மண்டப வாசலில் என் கழுத்தை ஏன் அப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்டேவிட்டேன். ரொம்ப நேரம் என்னையே பார்த்தாள். பிறகு ஒவ்வொரு எழுத்தாக, 'கடிகாரம்'. "என் தலைக்குப் பின்னால மாட்டியிருந்ததே, அந்தக் கடிகாரமா?" விரல் எழுந்தது. பார்த்தாயா தங்கச்சி, நேரமாகிவிட்டதே என்று மணி பார்த்திருக்கிறாள். சங்கிலியை அவள் கவனிக்கவே இல்லை. அதற்குப் போய் நான் இருபத்தேழு வருஷம் உன்னிடம் புலம்பி, நீயும் எனக்காக ரோஷப்பட்டு இந்த வீட்டு வாசலை மிதிக்காமல் இருந்துவிட்டாய். அவள்மேல் நான் சொன்ன குற்றத்தையெல்லாம் வாபஸ் வாங்குகிறேன். நீயும் மறந்துவிட்டு அடுத்த மாதம் வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போ. பதினொன்றாவது பார்வையைப் பட்டியலிலிருந்து அடித்துவிடச் சொல்லிப் பேத்தியிடமும் சொல்லிவிட்டேன்.

உன் வீட்டுக்காரருக்கு என் விசாரிப்பு. உன் பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல், நல்ல கண்ணும் நல்ல வாயுமாக இருக்கவேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அக்கா.

பின்குறிப்பு: உறையில் போடுமுன் இந்தக் கடிதத்தைச் சம்பந்திக்கு முழுவதும் படித்துக் காட்டினேன், அவளைப் பற்றி எழுதியது அவளுக்குத் தெரியவேண்டாமா? படித்து முடித்ததும் விரல் எழுந்தது. பதினொரு மணிக்கு ஆரம்பித்து ஒன்றரை மணிக்கு முடித்தாள், நான் ஒரு வார்த்தைகூடக் குறுக்கே பேசவில்லை. திரையில் வந்ததை அப்படியே எழுதுகிறேன்: 'கடிகாரம் பொய். சங்கிலி இரவல் என்று அன்றே தெரியும், உங்கள் கழுத்தை இறுக்கிப் பிடித்தது. என் வளையலும் இரவல், என் அக்காவுடையது, கழன்று விழுமோ என்று கையை மடக்கியே வைத்திருந்தேன். தங்கையிடம் சொல்லாதீர்கள்.' ஆக, நான் அன்றைக்கே சரியாகத்தான் படித்திருக்கிறேன், பதினொன்றாவது பார்வையைத் திரும்பவும் பட்டியலில் சேர்க்கச் சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்லவேண்டாம் என்கிறாள், அதனால் நீ ஒன்றும் தெரியாதவள்போல வா. வரும்போது அந்தச் சங்கிலியைப் போட்டுக்கொண்டு வா. எப்படிப் பார்க்கிறாள் என்று பார்ப்போம், இந்தத் தடவை மெஷின் இருக்கிறது.