அப்பாவின் படங்களுக்கு ஒரு பாதுகாப்பான இடம்

பயந்தவன் இடம் தேடினால், கடைசியில் அந்த இடத்துக்கே பயம் பிடித்துவிடும். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. (படித்தது எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பது தொடங்குகிற நேரம் நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தோம். பிறகு பள்ளிக்கூடமும் மூட்டை கட்டிவிட்டது.) மாங்குளம் சந்தியில் மோட்டார் சைக்கிள்களுக்கு ஒட்டுப் போடுகிறவன் நான். ஒட்டுப் போட்ட டியூப், வண்டிக்காரன் வீடு போய்ச் சேரும்வரை தாங்குமா என்று கடையில் இருந்தபடியே வியர்ப்பவன். அப்படிப்பட்டவனிடம்தான், அப்பாவின் படங்களை வைக்க இணையத்தில் ஓர் இடம் பார்க்கச் சொன்னார்கள்.

அப்பா நோய் வருத்தத்தில் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. வீட்டில் அவருக்கு இருந்தது ஒரே ஒரு படம். அடையாள அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டது. மற்ற எல்லாப் படங்களும் யுத்தத்தில் இடம்பெயர்ந்த பாதையில் எங்கேயோ கிடக்கின்றன. அந்தப் படத்துக்குப் பூ வைக்கும்போதெல்லாம் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

“உது அவரில்லை. உது செக்பொயின்ரில நிக்கிற அவர்.”

அம்மா அப்பாவின் கலியாண ஆல்பத்தின் பிரதி ஒன்று கனடாவில் மாமி வீட்டில் இருந்தது. அங்கேயே குடியிருக்கும் அக்கா ஒருநாள் மாமியிடம் போனபோது ஒவ்வொரு பக்கத்தையும் கைபேசியில் பிடித்து எனக்கு அனுப்பினாள். அனுப்பிய அடுத்த கிழமை மாமி வீட்டு நிலக்கீழ் அறையில் தண்ணீர்க் குழாய் வெடித்து, ஆல்பம் கஞ்சியாகிவிட்டது. குண்டுக்குத் தப்பியது குழாய்க்குத் தப்பவில்லை.

அம்மாவுக்குக் கைபேசியில் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “ஆரோ ரெண்டு எறும்பு நிக்குது” என்றார்.

“இதுகளை ஒரு இணையத்தளமாப் போட்டு வை தம்பி,” என்றாள் அக்கா. “வருசம் முடியிற ஆட்டைத் திவசத்தண்டு நாங்களும் இஞ்ச இருந்து பாக்கலாம். அம்மாவும் ரீவியில பெரிசாப் பாப்பா. அத்தான் தன்ர கார்ட் தருவார். நல்ல கொம்பனியா நீ தெரிவு செய். நீதான் வடிவா யோசிக்கிறவன்.”

(எங்கள் குடும்பத்தில் யோசிப்பதும் பயப்படுவதும் ஒரே கணக்கில்தான்.)

வெப் ஹோஸ்டிங் என்பது, நம்முடைய படங்களை யாரோ ஒருவரின் கணினியில் வாடகைக்குக் குடியிருத்துவது. இவ்வளவும் எனக்கு விளங்கியது. விளங்கியதுதான் பிழை. குடியிருத்துவது என்றால் வீடு எப்படி என்று பார்க்க வேண்டாமா? ஒவ்வொரு கொம்பனியும் தான் எவ்வளவு வேகம், எவ்வளவு இடம் என்று பீற்றிக்கொண்டதே தவிர, அந்தக் கணினி நிற்கிற கட்டடத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. படம் போட்டிருந்தார்கள், முகில் படம். மார்கழி முகிலை நம்பி மாங்குளத்தில் எவனாவது நெல் காயப்போடுவானா?

ஆகவே நானே கேட்டேன். எல்லாக் கொம்பனியின் பக்கத்திலும், உதவி வேண்டுமா என்று ஒரு சின்னப் பெட்டி வரும். பெயரும் ஈமெயிலும் கேட்ட இடத்தில் அத்தானுடையதைக் கொடுத்து, தமிழில் எழுதி, கைபேசியால் ஆங்கிலமாக்கிப் போட்டேன். இரண்டு கொம்பனிக்காரர் பாதியிலேயே போய்விட்டார்கள். மூன்றாவதில் இருந்த பிள்ளை மட்டும் கடைசிவரை பொறுமையாக இருந்து, “உங்கள் கேள்விகளை உரிய பிரிவுக்கு அனுப்பியிருக்கிறேன்” என்று எழுதியது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என் பேச்சை ஒரு பிரிவுக்கு அனுப்புமளவுக்கு மதித்த கொம்பனி! அதையே தெரிவு செய்தேன்.

அத்தானின் கார்ட்டால் கணக்குத் திறந்து, படங்களை ஏற்றினேன். கைபேசி நிறைந்து மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. திவசத்தன்று புதுப்படம் எடுக்க இடம் வேண்டுமே என்று, அதிலிருந்தவற்றை அழித்தேன். வாழ்க்கையில் முதல்தடவையாகப் பயப்படாமல் செய்த காரியம் அது.

திவசத்தன்று ஐயர் வந்து கிரியை முடித்தார். அம்மா ரீவிக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார். கைபேசியில் கனடாவிலிருந்து அக்காவும் அத்தானும். நான் விரலால் அழுத்தினேன். ரீவியில் வெள்ளைத் திரை. நடுவில் ஒரு பூட்டும் நாலு வரி ஆங்கிலமும்.

என் மனைவி மதி என்னைவிடக் கூடப் படித்தவள். எட்டிப் பார்த்து வாசித்தாள்.

“இஞ்சருங்கோ, பாதுகாப்புக் காரணங்களுக்காக இந்தக் கணக்கை நிப்பாட்டி வச்சிருக்காம்.”

பாதுகாப்புக் காரணம் என்றதும் அப்பாவின் தமையன், பெரியப்பா, குரலைத் தாழ்த்தி, “ஆர் வந்து சொன்னது?” என்றார். பக்கத்து வீட்டுச் சரசக்கா சத்தமில்லாமல் செருப்பைத் தேடினார்.

கைபேசியிலிருந்து அத்தானின் குரல் வந்தது. “மச்சான், இப்பதான் ஈமெயிலைப் பாக்கிறன். நீ அவங்களிட்ட என்ன கேட்டனீ?”

“சும்மா, பொதுவா...”

“பொதுவாவோ? வாசிக்கிறன், கேள். கட்டடத்துக்கும் ஆமிக் காம்புக்கும் எவ்வளவு தூரம்? கடல் கிட்டவோ? கூரை தகரமோ, கொங்கிறீற்றோ? நிலத்துக்குக் கீழ பதுங்க இடமிருக்கோ? இரவில எத்தினை பேர் காவல்? அவசரமெண்டா எந்தப் பக்கத்தால ஓடலாம்?” மூச்சு வாங்கினார். “என்ர பேரில கேட்டிருக்கிறாய் மச்சான். எனக்கு இஞ்ச வேலை இருக்கு, பிள்ளையள் இருக்கு. நான் இதை என்னெண்டு விளங்கப்படுத்திறது?”

அத்தனை பேர் முன்னால் நான் ரீவியின் வயரைச் சரிபார்ப்பவன்போலக் குனிந்துகொண்டேன். அப்போது அம்மா தலையை நிமிர்த்தினார்.

“ஏன், கேட்டதில என்ன பிழை? மறுமொழி சொன்னவங்களோ?”

“கிணறு இருக்கோ எண்டு கேக்கேல்லையே?” என்றார் பெரியப்பா என்னைப் பார்த்து. “கிணறில்லாத இடத்தில கிடந்து பட்ட பாடு மறந்திட்டியோ?”

“ரெண்டு வாசல் இருந்தா நல்லம்,” என்றார் சரசக்கா, செருப்பைக் கையில் வைத்தபடி.

“வேலியோ, மதிலோ?” இது ஐயர்.

பார்த்திராத கட்டடம் ஒன்றைப் பற்றி வீடு முழுவதும் கூடி விவாதித்தது. அத்தானைத் தவிர ஒருவருக்கும் என் கேள்விகளில் பிழை தெரியவில்லை. நானும் கொஞ்சம் தலை நிமிர்ந்தேன். அத்தான்தான் கெடுத்தார்.

“சரி, விடு. உன்ர போனில இருக்கிறதைக் காட்டன்.”

“அழிச்சிட்டன் அத்தான். இடம் காணாமல்.”

“அப்ப அக்கான்ர போனில?”

அத்தானுக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் மெல்ல வந்தது. “தம்பி ஏத்திப் போட்டான்தானே எண்டு நானும்...”

அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்தார். எழுந்துபோய் அடையாள அட்டைப் படத்தில் சரிந்திருந்த பூமாலையை நேராக்கினார். “வாங்கோ எல்லாரும், சாப்பாடு ஆறுது,” என்றார். அன்று வடை நன்றாக இருந்தது என்று எல்லோரும் தேவைக்கு அதிகமாகச் சொன்னார்கள்.

கொம்பனி அத்தான் வழியாக என்னிடம் விளக்கம் கேட்டது. மதியின் ஆங்கிலத்தில் எழுதினோம்: “எங்கள் ஊரில் ஒரு பொருளை ஓரிடத்தில் வைக்குமுன் இவற்றைக் கேட்போம். முன்பு கேட்காமல் வைத்தோம்.” பிறகு கிழமைக்கணக்கில் மறுமொழி இல்லை. அந்த யோசனையில் கடையில், காற்றுப்போன முன்சில்லு இருக்க, நல்ல பின்சில்லைக் கழற்றி ஏச்சு வாங்கினேன். அம்மா ரீவிக்கு முன்னால் போட்ட கதிரையை மட்டும் எடுக்க விடவில்லை.

ஒருநாள் பூட்டு இல்லை. கூடவே ஒரு கடிதம். “கடல் தூரம். அருகில் முகாம் இல்லை. கூரை கொங்கிறீற். மற்றவற்றைச் சொல்ல எங்களுக்கு அனுமதியில்லை.”

ரீவியில் அப்பா வந்தார். ஒல்லியாக, தோளில் நிற்காத ஒரு கோட்டோடு, கமராவைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துக்கொண்டு. அம்மா எழுந்துபோய்ச் சேலைத் தலைப்பால் திரையைத் துடைத்தார்.

“கோட்டு இரவல்,” என்றார்.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் எந்த நல்ல காரியம் பேசினாலும் நான்தான் பகிடி. அக்காவின் மகளுக்குச் சம்பந்தம் வந்தபோதும், “மாப்பிள்ளை வீட்டுக் கூரை என்னெண்டு மாமாவைக் கேக்கச் சொல்லு” என்று கனடாவிலிருந்து சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிப்பதில்லை. அந்தப் படங்கள் இப்போது எல்லோர் கைபேசியிலும் உண்டு, சுவரிலும் உண்டு. ஆனாலும் அம்மாவின் கணக்கில் அப்பா குடியிருப்பது கொம்பனியின் அந்தக் குளிர்நாட்டுக் கட்டடத்தில்தான். காலையில் நான் கடைக்குப் புறப்படும்போது கேட்பார்.

“தம்பி, அவர் இருக்கிற இடத்தில இண்டைக்கு மழையோ?”

கைபேசியை எடுத்துப் பார்ப்பேன். அந்த நாட்டில் பாதிநாள் மழைதான்.

“இல்லையம்மா. நல்ல வெயில்.”