உங்கள் தங்கை என்னைச் சேர்த்துக்கொள்ள மறுக்கிறாள்

பேரன்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் எழுதுவது. தங்கள் முழங்கால் வலி, அக்காவின் இருமல், மாடிக்குடித்தனக்காரரின் நாய் ஆகிய மூன்றும் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் எங்கள் இருவரையும் ஒரே வாக்கியத்தில் சேர்க்கும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆகவே நான் நலம், அவளும் நலம் என்று தனித்தனியாகப் படித்துக்கொள்ளவும்.

பணி ஓய்வு பெற்றவர்களும் சேரலாம் என்று கல்லூரியில் அறிவித்ததும், கணினி நிரல் எழுதும் ஆரம்ப வகுப்பில் முதலில் பெயர் கொடுத்தவள் அவள்தான். நான் அவள் பின்னாலேயே போனேன். பாடநூல் அச்சகத்தில் முப்பத்திரண்டு வருடம் பிழை திருத்தியவனுக்கு நிரலும் தெரியாது, அதைத் தெரிந்துகொள்ளும் ஆசையும் கிடையாது. பகல் முழுவதும் அவள் இல்லாத வீட்டில் என்னால் இருக்க முடியாது, அதுதான் விஷயம். இதை அவளிடம் நான் சொன்னதில்லை. முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் பேராசிரியர் வந்துவிட்டார் என்று வகுப்பே எழுந்து நின்றது. தங்கள் தங்கை மட்டும் உட்கார்ந்தே இருந்தாள்.

முதல் பருவத்தில் கட்டளைகளைத் தமிழிலேயே எழுதலாம் என்று ஆசிரியை சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை, தமிழ்தானே, ஒரு கை பார்த்துவிடலாம் என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எண் என்பது ஐந்து என்று முதல் வரியில் சொல்லிவிட்டு, இரண்டாம் வரியில் அதை அச்சிடச் சொல்லவேண்டும், அவ்வளவுதான் பாடம். நான் இலக்கண சுத்தமாக ‘எண்ணை அச்சிடு’ என்று எழுதினேன். ‘எண்ணை என்று எதுவும் இல்லை’ என்றது கணினி. இரண்டாம் வேற்றுமை உருபு தெரியாத ஜென்மமாக இருக்கிறதே, பிரித்துக் காட்டுவோம் என்று ‘எண் + ஐ’ என்று எழுதினேன். அது உடனே இரண்டையும் கூட்டப் பார்த்துவிட்டு ‘ஐ என்று எதுவும் இல்லை’ என்றது. முன்பின் தெரியாதவரை அச்சிடு, நிறுத்து என்று ஒருமையில் அதட்டினால் யார்தான் வேலை செய்வார்கள் என்று தோன்றி, ‘தயவுசெய்து அச்சிடவும்’ என்று மரியாதையாகக் கேட்டுப் பார்த்தேன். தயவு என்றும் எதுவும் இல்லையாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கள் தங்கை எட்டிப் பார்த்தாள்.

“ஏங்க, எண்ணைக் கேட்டா எண்ணெயை ஊத்துறீங்க? வெறும் எண்ணுன்னு போடுங்க.”

“அது எப்படி, உருபு இல்லாம மொட்டையா?”

“மொட்டையாத்தான் போடணும். அதுக்கு நீங்க பொட்டு வெச்சுப் பூ வெச்சு அனுப்ப வேண்டாம்.”

சுற்றியிருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மறுநாள் ஆசிரியை என்னை நம்பி ஒரு பயிற்சித் தாளைக் கொடுத்து, நாற்பது நகல் எடுத்து வரச் சொன்னார். போகிற வழியில் பார்த்தால் நான்காம் வரியின் கடைசியில் அடைப்புக்குறியை இரண்டு முறை மூடியிருந்தது. மச்சான், ஒரு கதவை யாராவது இரண்டு தடவை சாத்துவார்களா? அச்சுப்பிழை கண்ணில் பட்டால் என் கை சும்மா இருக்காது என்பது தங்களுக்குத் தெரியும். வெள்ளை மை தடவி ஒன்றை அழித்துவிட்டு, நாற்பது நகல் எடுத்து, மிகுந்த மனநிறைவோடு விநியோகித்தேன். கால் மணி நேரத்தில் நாற்பது திரைகளும் சிவப்பாகப் பிழை காட்டின. ஆசிரியை தன் பாடத்தின் மேலேயே சந்தேகப்பட்டு, மின்சாரத்தை நிறுத்திப் போட்டுப் பார்த்து, கடைசியில் தாளை வெளிச்சத்தில் பிடித்தார். இரண்டு முறை திறந்த அடைப்புக்குறியை இரண்டு முறை மூடித்தான் ஆகவேண்டுமாம். அதற்குள் தங்கள் தங்கை மூன்று வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

இப்போதுதான் தலைபோகிற விஷயத்துக்கு வருகிறேன். எல்லோரும் இருவர் இருவராகச் சேர்ந்து ஒரு நிரல் எழுதவேண்டும், வரும் புதன்கிழமைக்குள் பெயர் கொடுக்கவேண்டும், கூட்டாளி இல்லாதவர்கள் வகுப்பை விட்டு நின்றுகொள்ளலாம் என்று பலகையில் ஒட்டிவிட்டார்கள். நான் அவளிடம் போனேன்.

“நான் சுருட்டைமுடிப் பொண்ணோட சேரலாம்னு இருக்கேங்க.”

“முப்பத்தி நாலு வருஷமா நாம சேர்ந்துதானே இருக்கோம்?”

“வீட்டுல இருக்கலாம். நிரல்ல முடியாது. நீங்க என் வரியில கை வைப்பீங்க.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது, மச்சான். வேறு யாரும் என்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். நான் பக்கத்தில் வந்தாலே பிள்ளைகள் அடைப்புக்குறியை மறைத்துக்கொள்கிறார்கள். தாங்கள் பெரிய மனது பண்ணி அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். கதவை ஏழு தடவை சாத்தினாலும் வாய் திறக்க மாட்டேன் என்று நான் சத்தியம் செய்வதாகச் சொல்லுங்கள். அண்ணன் சொன்னால் கேட்பாள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல், கேட்ட பக்கமெல்லாம் கூட்டாளி கிடைத்து, நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தனியாக உட்கார்ந்திருக்கும்
தங்கள் தங்கை கணவன்

பி.கு.: உறையை ஒட்டிய பிறகு மறுபடி கிழித்து இதை எழுதுகிறேன். மேலே சொன்ன எதையும் அவளிடம் சொல்லவேண்டாம். இன்று ஆசிரியை என் ‘எண்ணை’யைச் சுவர் முழுக்கப் பெரிதாக்கிக் காட்டினார். மானம் போயிற்று என்று நான் மேசைக்கடியில் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தபோது, “ஐயா எழுதினது சரியான தமிழ். புரிஞ்சுக்கத் தெரியாதது மிஷின்தான். எண்ணை, எண்ணால், எண்ணுக்குன்னு எப்படி எழுதினாலும் எண்தான்னு கண்டுபிடிக்கிற நிரலை யாராவது எழுதுவீங்களா?” என்று கேட்டார். எட்டு வேற்றுமையும் எனக்கு அத்துப்படி என்பதால், வகுப்பு முடிந்ததும் என் மேசையைச் சுற்றி ஒரே கூட்டம். சுருட்டைமுடிப் பெண்ணும் தங்கள் தங்கையைக் கைவிட்டு, “தாத்தா, என்னைச் சேர்த்துக்குங்க” என்று வந்து நின்றாள். சற்று முன் தங்கள் தங்கை தண்ணீர்க்குழாய் அருகே வந்து, “என்னங்க, பேரு குடுத்தாச்சா?” என்று கேட்டாள். யோசிக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். சிபாரிசு கேட்டு அவளிடமிருந்தும் தங்களுக்கு ஒரு கடிதம் வரும். உடனே சரி என்று சொல்லிவிடாமல், மாப்பிள்ளையிடம் பேசிப் பார்க்கிறேன் என்று இரண்டு நாள் இழுக்கவும். முந்தாநாள் பலகையில் அறிவிப்பை ஒட்டியதுமே, அவளைக் கேட்காமலேயே, எங்கள் இருவர் பெயரையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டேன்.